எங்கள் தெருக்கோடிக் கல்லுக்கு எத்தனை வயது?

வெக்ஸ்போர்டில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில், ஒரு வீட்டு முற்றத்தில் பெரிய கல் ஒன்று கிடக்கிறது. கன்றுக்குட்டி படுத்திருக்கிற அளவு இருக்கும். வெளிறிய ரோசா நிறமும் கறுப்பும் மாறி மாறி வரிவரியாக ஓடும். ஆங்காங்கே கடலைப் பருமனில் சிவப்புப் பொட்டுகள். பனி தள்ளுகிற வாகனம் புல்லுக்குள் ஏறாமல் இருக்க வீட்டுக்காரர் எங்கேயோ வாங்கிப் போட்ட கல் என்றுதான் 17 வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். லோறன்ஸ் வீதிக்குப் பாண் வாங்கப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடப்பேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

கடந்த ஒக்ரோபரில் என் தங்கையின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். இரண்டு பேருமாக நடந்து போகையில், பிள்ளை அந்தக் கல்லுக்கு முன்னால் குந்திவிட்டாள். போனில் வெளிச்சம் அடித்து அந்தச் சிவப்புப் பொட்டுகளைத் தடவிப் பார்க்கிறாள். வீட்டுக்காரர் யன்னல் திரையை விலக்கிப் பார்க்க, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மாமா, இது கார்னெட். இந்தக் கல் ஒரு காலத்தில 25, 30 கிலோமீற்றர் ஆழத்தில கிடந்திருக்கும்" என்றாள்.

"அப்ப ஆர் மேல கொண்டு வந்தது?" என்று பகிடியாகத்தான் கேட்டேன்.

"அதைத்தான் மாமா நான் படிக்கப் போறன்."

இந்த இடத்தில் ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை மருத்துவத்துக்குப் போவதற்கான பாடங்களோடுதான் பல்கலைக்கழகம் போனவள். முதல் வருடம் முடிந்ததும் புவிச்சரிதவியலுக்கு மாற விண்ணப்பம் போட்டுவிட்டாள். தங்கை இரவு பதினொரு மணிக்குப் போன் எடுத்து அழுதாள். "அண்ணா, கல்லுப் பொறுக்கப் போறாளாம். நீங்கள் சொன்னால்தான் கேப்பாள்." ஆக, அவளோடு கதைத்து மனதை மாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அன்று நான் நடக்கக் கூட்டிப்போனதே அதற்காகத்தான். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் வேறு சில பெற்றோருக்கும் பயன்படலாம் என்பதால் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தக் கல் வெக்ஸ்போர்டுக்கு எப்படி வந்தது என்ற சின்ன விசயம். இந்தப் பகுதிக்கு அடியில் இருக்கும் இயற்கைப் பாறை, டொன் வலி செங்கல் சூளைப் பூங்காவில் பார்க்கலாமே, அந்தச் சாம்பல் நிறக் களிப்பாறை. சுமார் 45 கோடி ஆண்டுக்கு முந்திய கடல் சேறு அது. வரிவரியான பளிங்குக் கல் அங்கே கிடையாது. பனியுகத்தில் வடக்கே இருந்து இறங்கிய பனிப்பாளம் அங்குள்ள பாறைகளைப் பெயர்த்து உருட்டிக்கொண்டு வந்து, 12,000 ஆண்டுகளுக்கும் முன்னர் உருகும்போது இங்கே போட்டுவிட்டுப் போனது. வெக்ஸ்போர்ட் வயலும் தோட்டமுமாக இருந்த காலத்தில் கமக்காரர்கள் ஏர் தட்டிய கற்களை வேலியோரம் உருட்டிவிட்டிருப்பார்கள். அப்படித் தப்பியவை இன்று புல்தரைக்கு அலங்காரம்.

அந்தக் கல்லின் ஊர் எது என்று மருமகள் சொன்னபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பரி சவுண்ட், ஹலிபேர்ட்டன், பான்க்ரொஃப்ட் என்று ரொறன்ரோவுக்கு வடக்கே விரிந்து கிடக்கும் பட்டி அது. புவியியலாளர் அதைக் கிரென்வில் என்கிறார்கள். நான் லொறிச் சாரதியாக இருந்தவன். சட்பரிக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு 400ஆம், 69ஆம் நெடுஞ்சாலைகளில் பதினொரு வருடம் ஓடியிருக்கிறேன். வெடிவைத்துப் பிளந்த பாறைச் சுவர்கள் பாதையின் இரண்டு பக்கமும் மைல் கணக்காக வரும். வளைந்து, மடிந்து, முறுக்குப் பிழிந்த மாதிரி வரிகள். மழை பெய்தால் மினுங்கும். அவற்றை இடது பக்கம் ஒதுங்க இடமில்லாத சுவர் என்பதைத் தவிர வேறெதுவாகவும் நான் பார்த்ததில்லை.

அந்தச் சுவர்கள் ஒரு மலைத்தொடரின் அடிவேர். இமயமலையை ஒத்த மலைத்தொடர் சுமார் 100 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கனடாவின் லாப்ரடோரிலிருந்து ஒன்ராறியோ ஊடாகத் தெற்கே நீண்டு கிடந்தது. இரண்டு கண்டங்கள் மோதியபோது ஒன்றின்மேல் ஒன்றாக மேலோடு அடுக்கப்பட்டு, கீழே அகப்பட்ட பாறை 30, 40 கிலோமீற்றர் ஆழத்துக்குப் போனது. இன்று மலை இல்லை. வேரில்தான் நாங்கள் கார் ஓட்டுகிறோம்.

அவ்வளவு ஆழத்தில் கிடந்தது மேலே எப்படி வந்தது? மேலே இருந்த மலை மழையிலும் காற்றிலும் கரைந்து, பாரம் குறையக் குறையக் கீழே இருந்தது மெல்ல மிதந்து வந்ததா? அல்லது நிலமே பிளந்து சரிந்து, மேல் தட்டு வழுக்கி விலக, அடித்தட்டு வெளியே தெரிந்ததா? இரண்டிலும் கடைசியில் ஒரே கல்தான் கிடைக்கும். ஆனால் எடுத்த காலம் வேறாக இருக்கும். எவ்வளவு காலத்தில், எந்த எந்த ஆழத்தைக் கடந்து வந்தது என்று தெரிந்தால்தான் எப்படி வந்தது என்று சொல்லலாம். அதற்குத்தான் வயது பார்க்கிறார்கள்.

சரி, கல்லுக்கு வயது பார்ப்பது எப்படி? சிர்க்கன் என்றொரு கனிமம் இருக்கிறது. பெரும்பாலும் உப்புக்கல்லைவிடச் சிறியது. அது உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் தனக்குள் ஏற்றுக்கொள்ளும். ஈயத்தைக் கிட்டத்தட்ட முழுக்கத் தள்ளிவிடும். பிறகு உள்ளே இருக்கும் யுரேனியம் தன்பாட்டில் சிதைந்து ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். யுரேனியம்-238இல் பாதி ஈயமாக 447 கோடி ஆண்டு ஆகும்; யுரேனியம்-235இல் பாதி மாற சுமார் 70 கோடி ஆண்டு. ஆகவே ஒரே மணிக்குள் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் இடையில் ஏதோ நடந்திருக்கிறது, ஈயம் கசிந்திருக்கிறது என்று பொருள்.

கேட்பதற்குச் சுலபம். செய்வது அப்படியல்ல. அந்தத் துகளுக்குள் இருக்கும் ஈயம் ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குகூட வராது. ஆய்வுகூடத்துத் தூசியில், அமிலத்தில், கைவிரலில் அதைவிட அதிக ஈயம் இருக்கும். இதைத் தீர்த்தவர்களில் முக்கியமானவர் ஒன்ராறியோ மனிதர் ஒருவர்: ரொம் குறோ. 1973இல் டெஃப்லான் குடுவைக்குள் அமிலத்தில் சிர்க்கனைக் கரைத்து வெளி ஈயம் கலக்காமல் அளக்கும் முறையை வெளியிட்டார். 1975இல் ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகத்தில் ஆய்வகம் அமைத்தார். 1982இல் இன்னொரு முறை. சிர்க்கன் துகள்களைச் சின்ன உருக்கு அறைக்குள் போட்டு, காற்றை ஊதிச் சுழலவிட்டு, ஈயம் கசிந்த வெளித்தோலைத் தேய்த்து எடுத்துவிடுவது. நெல்லுக் குத்தித் தவிடு போக அரிசி தீட்டுகிறோமே, அதேதான். தீட்டிய துகளில் இரண்டு கடிகாரமும் ஒன்று சேர்ந்து நேரம் காட்டின. உலகம் முழுவதும் பின்பற்றிய முறை அது. 2008இல் அவர் காலமானார். ஜாக் சாற்றலி பெயரில் அமைந்த அந்த ஆய்வகம் இப்போது ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. விக்டோரியா பார்க் பஸ் பிடித்து, சப்வே ஏறி, செயின்ட் ஜோர்ஜில் இறங்கினால் நடை தூரம். அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை டைனோசர் காட்ட எத்தனையோ தரம் கூட்டிப்போயிருக்கிறோம். இது எங்கள் கண்ணில் பட்டதில்லை.

மருமகள் சொன்ன இன்னொரு விசயம் எங்கள் சமையலறைக்கே உரியது. கல்லை இடித்து மாவாக்கிய பிறகு, அதிலிருந்து சிர்க்கனைப் பிரிக்க நீர் ஓடும் ஆட்டு மேசையில் போடுவார்களாம். பாரம் குறைந்தது தண்ணீரோடு வழியும், பாரமானது பின்னால் தங்கும். "அரிக்கன் சட்டி!" என்றேன். அவளுக்கு அரிக்கன் சட்டி என்றால் என்னவென்று தெரியாது. அரிசியில் கல் அரிக்க அம்மா வைத்திருந்த வரிவரியான மண்சட்டியை விளங்கப்படுத்த எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது. அரிசியை எடுத்துவிட்டுக் கல்லை எறிகிற வேலையை இவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

இனித்தான் முக்கியமான பகுதி. சிர்க்கன் கொடுப்பது ஒரு திகதிதான். அதுவும் சிர்க்கன் சூட்டுக்கு அசையாதது; 900 பாகை செல்சியசிலும் தன் ஈயத்தைப் பெரும்பாலும் விடாது. ஆகவே கல் ஆழத்தில் வெந்துகொண்டிருந்த காலத்தை அது சொல்லும். மேலே வந்த பயணத்தைச் சொல்லாது. பயணத்துக்கு வேறு கடிகாரங்கள் வேண்டும்.

ரொறன்ரோவில் முதல் மாரிக்கு நான் பார்த்து அதிசயித்தது, போத்தலில் தேங்காயெண்ணெய் கட்டியானது. ஊரில் எங்கே கண்டோம்? மெழுகு, நெய், தேங்காயெண்ணெய் மூன்றையும் உருக்கி அடுத்தடுத்து வைத்து ஆறவிட்டால், மெழுகு முதலில் இறுகும். பிறகு நெய். கடைசியாகத் தேங்காயெண்ணெய். எது எப்போது இறுகியது என்று குறித்து வைத்தால், அறை எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது என்று பிறகு சொல்லலாம். கனிமங்களும் அப்படித்தான். சூடாக இருக்கும்வரை கடிகாரத்தின் மணல் ஒழுகிக்கொண்டேயிருக்கும். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வந்ததும் மூடி இறுகி, எண்ணிக்கை தொடங்கும். மார்ட்டின் டொட்சன் என்ற ஆய்வாளர் 1973இல் இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். டைட்டனைற் என்ற கனிமம் 600 பாகைக்குச் சற்று மேலே மூடும். ஹோர்ன்பிளென்ட் ஏறத்தாழ 500இல். கறுப்பு மைக்காவான பயோரைற் 300 அளவில். அபரைற்றுக்குள் ஹீலியம் தங்குவது 70 பாகை அளவில்தான்; அது கல் நிலமட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்ட சேதி.

ஆழத்துக்குச் சாட்சி அந்தச் சிவப்புப் பொட்டுதான். கார்னெட்டும் பக்கத்தில் உள்ள கனிமங்களும் எந்த விகிதத்தில் கல்சியம், இரும்பு, மக்னீசியத்தைப் பங்குபோட்டன என்று பார்த்து, எவ்வளவு அழுத்தத்தில் வளர்ந்தன என்று கணிக்கிறார்கள். இன்னொரு நுட்பமும் இருக்கிறது. கார்னெட் வளரும்போது இற்றியம் போன்ற சில மூலகங்களைப் பேராசையோடு விழுங்கிவிடும். அப்போது பக்கத்தில் வளரும் சிர்க்கனுக்கு அவை கிடைக்காது. எனவே அந்த மூலகங்கள் குறைந்த சிர்க்கன் வளையம் ஒன்று கிடைத்தால், அது கார்னெட்டோடு சேர்ந்து ஆழத்தில் வளர்ந்தது என்று ஊகிக்கலாம். திகதியும் ஆழமும் ஒரு முடிச்சில் சேர்வது அங்கேதான். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையில் மெய்சிலிர்த்தது. ஒரே பந்தியில் இருந்தவர்களில் ஒருவர் இலையில் என்ன மிஞ்சியது என்று பார்த்து, பக்கத்தில் யார் இருந்து சாப்பிட்டார் என்று சொல்கிற மாதிரி.

பரி சவுண்ட் பக்கத்தில் இப்படிப் பார்த்ததில் தெரிந்தது என்ன? மிக ஆழத்துக்குப் போன துண்டுகள் சுமார் 109 கோடி ஆண்டுக்கு முன் அங்கே இருந்தன. ஆனால் மேலே வந்தது மழை கரைத்ததால் மட்டுமல்ல. ஷவநாகா என்ற இடத்தில் பாறை இழுபட்டு வழுக்கிய வலயம் ஒன்று இருக்கிறது. அதில் குறோவும் அவருடைய கூட்டாளிகளும் எடுத்த திகதி சுமார் 102 கோடி. அதாவது மோதி அடுக்கிய மலை, தன் பாரம் தாங்காமல் பிற்காலத்தில் விரிந்து சரிந்திருக்கிறது. மேல்தட்டு விலக, அடித்தட்டு எழும்பியிருக்கிறது. அதன் பிறகு நிதானமாக, மில்லியன் ஆண்டுக்கு ஒரு சில பாகை என்ற அளவில் ஆறியது. 45 கோடி ஆண்டளவில் கடல் வந்து அதன்மேல் சுண்ணாம்புக்கல் படிந்தபோது, அந்த வேர் ஏற்கெனவே வெளியே வந்து தேய்ந்து கிடந்தது.

எல்லா மலையும் இப்படி ஆறுதலாக வருவதில்லை. லடாக்கின் சோ மொராரி ஏரிப் பக்கத்தில், 90 கிலோமீற்றருக்கும் கூடிய ஆழத்தில்தான் உருவாகக்கூடிய கோசைற் என்ற கனிமத்தை 2001இல் இந்திய ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தப் பாறை ஆழத்துக்குப் போனது ஏறத்தாழ 5 கோடி ஆண்டுக்கு முன். சில மில்லியன் ஆண்டுகளுக்குள் பெருந்தூரம் மேலே வந்துவிட்டது. கிணற்றுக்குள் அமுக்கிய வெறுங்குடம் கைவிட்டதும் குபீரென்று எழும்புமே, அந்த வேகம். கண்டப் பாறை கீழே இருக்கும் கவசப் பாறையைவிட இலேசானது என்பதால் இது நடக்கிறது.

இந்த இடத்தில் நான் கேட்டேன்: "எங்கட ஊர்க் கல்லு?"

நான் திருகோணமலைக்காரன். கோணேசர் கோயில் மலைக்கல்லுக்கு 200 கோடி வயது, தமிழன்தான் முதலில் நின்றான் என்ற மாதிரி ஒரு செய்தி வட்ஸ்அப்பில் வரும். நானும் நாலு பேருக்கு அனுப்பியிருக்கிறேன். மருமகளுக்கும் அனுப்பினேன். "எந்த வயது மாமா?" என்று மட்டும் பதில் போட்டாள். அப்போது கோபம் வந்தது. இப்போது விளங்குகிறது.

இலங்கையின் நடுவே தென்மேற்கிலிருந்து வடகிழக்காகத் திருகோணமலை வரை ஓடும் பாறைப் பட்டியை 'உயர்நிலத் தொகுதி' என்கிறார்கள். 1980களில் பேராதனைப் பல்கலைக்கழகத்து வித்தானகே, பெரேரா ஆகியோர் ஜெர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழக அல்பிரட் குரோனரோடும் கன்பரா ஆய்வாளர்களோடும் சேர்ந்து அந்தக் கற்களின் சிர்க்கனை அளந்தார்கள். சில துகள்களின் நடுக்கரு 300 கோடி ஆண்டைத் தாண்டியது. ஆனால் அது அந்தக் கல்லின் வயதல்ல. வேறெங்கோ இருந்த மலை தேய்ந்து, ஆற்றில் அடிபட்டு, கடலில் படிந்த மணலுக்குள் வந்து சேர்ந்த துகளின் வயது. அந்த மணல் புதைந்து வெந்து கல்லானது எப்போது? முதலில் சுமார் 110 கோடி ஆண்டு என்று கருதினார்கள். பிறகு நுணுக்கமாக அளந்தபோது அது 61 முதல் 55 கோடி ஆண்டுக்குள் என்று திருத்தினார்கள். அப்போது சில இடங்களில் வெப்பம் 900 பாகையைத் தாண்டியது. ஆழம் 30 கிலோமீற்றர் அளவு. பயோரைற் மூடிக்கொண்டது 46 அல்லது 47 கோடி ஆண்டளவில். கணக்குப் போட்டால் மில்லியன் ஆண்டுக்கு ஆறு பாகை அளவில் ஆறியிருக்கிறது. குடம் எழும்பிய வேகமல்ல இது. பரி சவுண்ட் மாதிரி, பெரிய சூட்டுப் பெட்டி ஆறுகிற ஆறுதல்.

ஆக, ஒரு பிடி மணலுக்குள் 300 கோடியும் உண்டு, 55 கோடியும் உண்டு, 46 கோடியும் உண்டு. எல்லாம் உண்மை. எனக்கே மூன்று திகதி இருக்கிறது. வெள்ளம் வந்த கிழமை என்று அம்மா சொல்வது ஒன்று, பிந்திப் பதிந்த பத்திரத்தில் இருப்பது ஒன்று, பியர்சன் விமான நிலையத்தில் இறங்கிய நாள் ஒன்று. எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். இதில் மிகப் பெரிய எண்ணை மட்டும் பொறுக்கி எடுத்து இனப்பெருமைக்கு ஒட்டினால், அந்தக் கல் பட்ட பாடு முழுக்க மறைந்துபோகும். அந்தக் காலத்தில் தமிழனும் இல்லை, சிங்களவனும் இல்லை, மீனுக்குக்கூடக் காலம் வரவில்லை.

அந்தச் சூட்டில் இலங்கை தனியே நிற்கவுமில்லை. தென்னிந்தியா, மடகாஸ்கர், கிழக்கு அந்தாட்டிக்காவின் ஒரு பகுதி எல்லாம் பக்கத்தில் ஒட்டிக் கிடந்தன. அங்கும் 55 கோடிக்குக் கிட்டத் திகதிகள் கிடைக்கின்றன. சென்னையில் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருநீலப் பாறைக்கு உலகம் முழுவதும் சார்னோக்கைற் என்று பெயர். கல்கத்தாவில் யோப் சார்னொக்கின் கல்லறைக்கு அந்தக் கல்லைத்தான் வைத்திருந்தார்கள் என்பதால் தோமஸ் ஹொலன்ட் 1893இல் அப்படிப் பெயரிட்டார். வெட்டி எடுத்த ஊர் எங்களுடையது, பெயர் புதைக்கப்பட்டவருடையது. ஆழத்தில் தண்ணீர் வற்றி வெந்த கல் அது. கண்டிப் பக்கத்திலும் தாராளமாக இருக்கிறது.

சிறுவயதில் மாமாவோடு புல்மோட்டைக்குப் போயிருக்கிறேன். கடற்கரை மணல் கறுப்பாக மினுங்கும். வெறுங்காலோடு மத்தியானம் நிற்க முடியாது. பெரும்பகுதி இல்மனைற். கூடவே ரூட்டைல், சிர்க்கன். ஆறுகள் உள்நாட்டுப் பாறையை அரைத்துக் கொண்டுவர, கடலலை அரிக்கன் சட்டி வேலை பார்த்துப் பாரமானதைக் கரையில் ஒதுக்கிய மணல். நான் காலைச் சுட்டுக்கொண்ட மணலுக்குள்தான் அத்தனை கோடிக்கணக்கான கடிகாரங்களும் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

இன்னொன்றைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒரு துகளின் வயதை அளக்கும் கருவிக்கு, வயது முன்பே நன்றாகத் தெரிந்த இன்னொரு சிர்க்கன் படிக்கல்லாக வேண்டும். தராசுக்கு எடைக்கல் மாதிரி. கன்பராவின் அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் பயன்படுத்திய எஸ்.எல்.13 என்ற படிக்கல் இலங்கை இரத்தினக்கல். வயது 57.2 கோடி. 55.9 கோடியென்று அளந்த பி.ஆர்.266, 56.1 கோடியென்று அளந்த எம்.257, இவையும் இலங்கைக் கற்களே. நிறமற்ற சிர்க்கனை ஒருகாலத்தில் 'மாத்தறை வைரம்' என்று விற்றார்கள். வைரமில்லை என்று தெரிந்ததும் மவுசு குறைந்தது. இன்று உலகத்து மலைகளின் வயதை அதை வைத்துத்தான் நிறுக்கிறார்கள். இந்த விசயம் ஒரு வட்ஸ்அப்பிலும் எனக்கு வந்ததில்லை.

கல் மேலே வரும் பயணத்தின் கடைசி ஒரு மீற்றருக்கும் கடிகாரம் உண்டு. வானத்திலிருந்து வரும் அண்டக்கதிர் பட்டுப் படிகக்கல்லுக்குள் பெரிலியம்-10 என்ற அணு சேரும். மண்ணுக்குக் கீழே இருக்கும்வரை சேராது. எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்தால், மேலுள்ள மண் எவ்வளவு மெதுவாகத் தேய்ந்தது என்று தெரியும். திலக் ஹேவவசமும் சக ஆய்வாளர்களும் மேல் மகாவலிப் பகுதியில் இப்படி அளந்து 2003இல் வெளியிட்டார்கள். இயற்கையாகத் தேய்வது ஒரு சதுர கிலோமீற்றரில் ஆண்டுக்கு 13 முதல் 30 தொன். மனிதன் காடு வெட்டிப் பயிரிட்ட சரிவுகளில் மண் போவது அதைப்போல் 10 முதல் 100 மடங்கு. முப்பது கிலோமீற்றரைக் கடக்கக் கோடிக்கணக்கான ஆண்டு எடுத்த கல், அதன்மேல் ஒரு முழ மண்ணைப் போர்த்திக்கொள்ள ஆயிரக்கணக்கான ஆண்டு எடுத்தது. அந்த மண்ணில்தான் எங்கள் மலையகச் சனம் தேயிலைக் கொழுந்து பறிக்கிறது. மண்சரிவில் லயன் வீட்டோடு புதைந்துபோவதும் அந்தச் சனந்தான். கல்லுக்கு வயது பார்ப்பது சோறு போடாத படிப்பு என்று யாராவது சொன்னால், எனக்கு இப்போது இந்த எண்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

தங்கையிடம் என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பெரிலியம் எல்லாம் சொல்லவில்லை. ரொறன்ரோ உலகச் சுரங்கத் தொழிலுக்குப் பணம் திரட்டும் நகரங்களில் முதன்மையானது; மார்ச் மாதந்தோறும் கனிம ஆய்வாளர்களின் பெரிய மாநாடு டவுன்ரவுனில்தான் நடக்கிறது; ஒன்ராறியோவில் புவியியலாளருக்கு மருத்துவர், பொறியியலாளர் மாதிரிப் பதிவும் உரிமமும் உண்டு என்று சொன்னேன். மறைக்கவும் இல்லை. ஆரம்பத்தில் வேலை வடக்கே காட்டுக்குள் இருக்கும், ஒப்பந்த வேலையாக இருக்கும், தங்கம் செம்பு விலை விழுந்தால் வேலையும் விழும். எங்கள் ஆட்கள் பிள்ளைகளுக்குக் காட்டும் நாலைந்து கதவுகளில் இது இல்லை என்பது உண்மைதான். கதவைத் திறந்து பார்த்துவிட்டா இல்லை என்கிறோம்?

"ஒரு வருசம் பாப்பம்" என்றாள் தங்கை. அதற்கு மேல் இறங்கவில்லை.

மே மாதம் மருமகளுக்குப் பரி சவுண்ட் பக்கம் இரண்டு கிழமை களப்பயிற்சி. நான் பதினொரு வருடம் பார்க்காமல் ஓடிய அதே பாறைச் சுவர்கள். கறுப்பு ஈ கடிக்கும் காலம், முகத்துக்கு வலை கொண்டுபோ என்று சொல்லியிருக்கிறேன். இரும்பு மூக்கு வைத்த சப்பாத்தும் வேணுமாம். என்னுடையது அவளுக்குப் பெரிசு. போன சனிக்கிழமை தாயும் மகளுமாகக் கடைக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்தே எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, கல்லுப் பொறுக்கிறதுக்கு 180 டொலர் சப்பாத்தோ?"

"வாங்கு" என்றேன்.